சொந்த வலைப்பூவா, சந்தைத் தளமா, உப்புவெளி விடுதியா: திருகோணமலையில் இருந்துகொண்டு எழுதிப் பிழைக்க எது வழி?

எழுதிப் பிழைக்க முடியுமா என்று இந்த ஊரில் என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். சிலர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிப்பை முடித்துவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருப்பவர்கள். சிலர் மாலையில் ரியூசன் கொடுத்துவிட்டு இரவில் கணினிக்கு முன்னால் உட்காருபவர்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் இருப்பவை ஏறத்தாழ மூன்று வழிகள்தான். தமிழில் சொந்தமாக வலைப்பூ நடத்தி விளம்பரத்தால் வருமானம் தேடுவது ஒன்று. அப்வேர்க், ஃபைவர் போன்ற சந்தைத் தளங்களில் பதிந்துகொண்டு வெளிநாட்டு வலைத்தளங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது மற்றொன்று. திருகோணமலைக் கடற்கரைப் பகுதிகளான உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள விடுதிகள், சுழியோடல் நிலையங்கள், படகுக்காரர்கள் ஆகியோருடன் நேரடியாகப் பேசி, அவர்களுடைய வலைத்தளத்துக்கான பதிவுகளை மாதக் கட்டணத்துக்கு எழுதுவது மூன்றாவது. மூன்றிலும் நான் காலத்தைச் செலவிட்டிருக்கிறேன். ஒருவருக்குக் கிடைக்கும் எழுதும் நேரம் நாளுக்கு நான்கு மணித்தியாலம்தான் என்றால், இம்மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிடும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொந்த வலைப்பூவை நாடும் மனநிலை எனக்கு நன்றாக விளங்கும். 2000களின் நடுப்பகுதியில் பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வழியாக யார் யாரோ எழுதியவற்றைத் தேடித் தேடி வாசித்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். அந்த நாளில் தமிழ் வலைப்பூவுக்கு விளம்பர வருமானம் என்ற பேச்சுக்கே இடம் இருக்கவில்லை. கூகுள் தன் அட்சென்ஸ் விளம்பரச் சேவையில் தமிழைச் சேர்த்துக்கொண்டது 2018இல்தான். அதன்பின் கதவு திறந்தது உண்மை, ஆனால் அது குறுகிய கதவு. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் பார்வைக்கு அரை டொலர் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், கூகுள் பணத்தை விடுவிக்கும் குறைந்தபட்சத் தொகையான 100 டொலரை எட்டுவதற்கு இரண்டு லட்சம் பார்வைகள் வேண்டும். அதற்கு முன்னரே, கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய இலக்கம் தபாலில் வர வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத் தபால்காரரை வாரக்கணக்கில் எதிர்பார்த்து நின்றதை நான் மறக்கவில்லை. விளம்பரத்தின் விலை வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது. திரியாயைப் பற்றியோ மூதூரைப் பற்றியோ எழுதும்போது ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து வரும் புலம்பெயர் வாசகர் ஒருவரின் பார்வை, உள்ளூர்ப் பார்வையைவிடக் கூடுதலான பணத்தைத் தரக்கூடும். எனினும், அத்தகைய வாசகர்கள் எண்ணிக்கையில் சிலரே.

இதில் மேலும் ஒரு சரிவு ஏற்பட்டிருக்கிறது. 2023 செப்டெம்பரில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது பல சிறிய வலைத்தளங்கள் வாசகர் வரவை இழந்தன. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் தொடங்கி, தேடும் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு விடையைத் தொகுத்துக் காட்டும் முறையும் வந்துவிட்டது. விடை அங்கேயே கிடைத்தால் நம் பக்கத்துக்கு வருவதற்குப் பலருக்குக் காரணமே இல்லாமற் போகிறது. ஆகவே விளம்பரத்தை மட்டும் நம்பி வலைப்பூவைத் தொழிலாகத் தொடங்க வேண்டாம் என்றே எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் வலைப்பூவே வேண்டாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி, எந்த நேரத்தில் போனால் நெரிசல் இல்லாமல் இருக்கும், குளிக்க என்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்பவற்றை எல்லாம் விளக்கி நான் எழுதிய ஒரு பதிவு, விளம்பரத்தால் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக்கூடச் சம்பாதித்துத் தரவில்லை. எனக்கு முதலாவது விடுதி வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்த்தது அதே பதிவுதான்.

சந்தைத் தளத்தின் பலத்தைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. கணக்கைத் திறந்த மாதத்திலேயே வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு; கூலி டொலரில் வரும். 2022 வசந்த காலத்தில் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, உள்நாட்டில் சம்பளம் வாங்கியவர்களின் கையிருப்பு கரைந்துகொண்டிருக்க, வெளிநாட்டுக் கட்டுரைகளால் வாழ்ந்த எழுத்தாளர்கள் தங்கள் குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், ஒப்படைக்கும் நேரம் தவறாதிருக்க நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் எழும்பி எழுதியதையும் அவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் கழிவுகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஃபைவர் ஒவ்வொரு வேலையிலும் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 50 டொலர் வேலைக்கு 40 டொலர்தான் உங்களுடையது, அதுவும் புதியவர்களுக்கு வேலை முடிந்து இரண்டு வாரங்களின் பின்னரே கையில் கிடைக்கும். அப்வேர்க்கில் விண்ணப்பிப்பதற்கே கனெக்ட்ஸ் எனப்படும் புள்ளிகளைச் செலவழிக்க வேண்டும். பத்து இடத்துக்கு விண்ணப்பித்து ஒன்பது இடத்தில் பதிலே வராதபோது அந்தச் செலவு எழுத்தாளருடைய தலையில்தான் விழுகிறது. பேபால் வழியாக இலங்கையிலிருந்து பணம் செலுத்த முடிந்தாலும் பணம் பெறும் வசதி மிக நீண்ட காலமாக இருக்கவில்லை என்பதால், பலரும் பேயோனியர் என்ற இன்னொரு பணப் பரிமாற்றச் சேவையையே நம்பினார்கள். அதற்கும் கட்டணம் உண்டு. தளத்துக்கு வெளியே நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் செய்வோம் என்று ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டபோது நானும் கழிவு மிஞ்சுமே என்று சம்மதித்தேன். பன்னிரண்டு கட்டுரைகளைப் பெற்றுக்கொண்ட பிறகு அவர் பதில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். முறையிட எனக்கு ஓர் இடம்கூட இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு பெயர். சந்தைத் தளத்தில் எழுதப்படும் வலைப்பதிவுகளில் பெரும்பகுதி வேறொருவரின் பெயரில் வெளியாகிறது. ஐந்து வருடம் உழைத்தாலும், இதை நான் எழுதினேன் என்று புதிய வாடிக்கையாளரிடம் காட்ட முடியாத நிலை வந்துவிடும். 2022 நவம்பர் 30இல் கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் சேவையான சட்ஜிபிடி வெளியானதன் பின், 'வீட்டில் செடி வளர்க்கப் பத்து வழிகள்' போன்ற பொதுவான கட்டுரைகளுக்குக் கூலி கொடுத்து ஆள் பிடிக்கும் தேவையும் சுருங்கியது. மனிதர் எழுதியதைத் திருத்தும் வேலைக்குப் பதிலாக, இயந்திரம் எழுதியதை மனிதர் எழுதியதுபோல் மாற்றித் தரும் வேலையே இப்போது கூடுதலாகக் கேட்கப்படுகிறது. எழுத வேண்டும் என்ற ஆசையோடு வரும் ஒருவரை இந்த வேலைக்குள் அனுப்பிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கோ இருக்கும் ஒருவருக்கோ ஓர் இயந்திரத்துக்கோ தெரியாத எதை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்ற கேள்வியில்தான் மூன்றாவது வழி மற்றிரண்டையும் முந்துகிறது. ஐரோப்பாவில் இருந்து ஜூலையில் புறப்பட எண்ணும் குடும்பம் ஒன்று இலங்கையில் அப்போது மழைக்காலம் என்று எங்கோ வாசித்துவிட்டுத் தயங்குகிறது. தென்மேல் பருவ மழை கொழும்பையும் காலியையும் நனைக்கும் அதே மாதங்களில் இங்கே கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வெக்கையோடு வீசும்; கடல் அமைதியாக இருக்கும்; நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுக்குப் படகு ஓடும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று எழுந்து நவம்பரில் மழை இறங்கும்போதோ நிலைமை தலைகீழாகிவிடும். இந்த ஒரு விடயத்தை, எந்த மாதம் எந்தக் கரையில் அலை எப்படி இருக்கும் என்ற விவரத்தோடு தெளிவாக விளக்கும் ஒரு பக்கம், ஒரு சிறு விடுதிக்கு ஆயிரம் அலங்காரச் சொற்களைவிடப் பெறுமதியானது. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் நடமாடுவது, கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாமலையில் பவளப்பாறையை மிதிக்காமல் நீந்துவது எப்படி என்பவற்றை எல்லாம் இந்த ஊரில் வாழும் ஒருவர் விடுதிக்காரரோடு ஒரு பிளேன்ரீ குடித்துக்கொண்டே பத்துத் தலைப்புகளாக எழுதிவிடலாம்.

இந்த வழியின் கடினம் எழுத்தில் இல்லை. பணம் வரும் காலத்தில்தான் இருக்கிறது. இங்கே சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரை. நான் முதலில் செய்த தவறு, மார்ச் மாதத்தில் விடுதி விடுதியாக ஏறி இறங்கியது. "பிள்ளை, இப்ப கையில காசு இல்லை, சீசன் முடியட்டும், பிறகு வாங்கோ" என்று ஒரு ஐயா அன்பாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் இரண்டு பாடங்கள் இருந்தன. காசு இருக்கும் மாதம் செப்டெம்பர். ஆனால் எழுத்து தேவைப்படும் காலம் அதற்குப் பின்னால் வருவது. புதிதாக ஏற்றிய ஒரு பக்கம் தேடலில் மேலே வருவதற்குச் சில மாதங்கள் எடுக்கும். கோடை விடுமுறைக்கு இடம் பார்ப்பவர்களோ தை, மாசியிலேயே தேடத் தொடங்கிவிடுவார்கள். எனவே செப்டெம்பர் கடைசியில் பேசி முற்பணம் வாங்கி, மழையால் விடுதி வெறுமையாகும் மாதங்களில் உரிமையாளரோடு ஆறுதலாக உட்கார்ந்து தகவல் சேர்த்து, மார்கழி முடிவதற்குள் பதிவுகளை ஏற்றிவிடுவதே இந்த ஊருக்குப் பொருந்தும் ஒழுங்கு. அடுத்த வருடம் அதே ஐயாவிடம் செப்டெம்பரில் போனேன். மறுபேச்சு இல்லாமல் சம்மதித்தார்.

இந்த வழியையும் ஒரேயடியாக நம்ப முடியாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் பயணிகள் வரவில்லை. அதிலிருந்து எழும்புவதற்குள் 2020இல் கொரோனா வந்தது. 2022இல் எரிபொருள் வரிசைகள். நான்கு வருடத்துக்குள் மூன்று முறை கடற்கரை வெறிச்சோடியது. அப்போது என்னைக் காப்பாற்றியது, நான் குறைவாக மதிப்பிடும் சந்தைத் தளக் கணக்குத்தான். அதனால் அந்தக் கணக்கை இன்றும் மூடாமல் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு வேலையாவது செய்து அதன் மதிப்பீட்டுப் புள்ளிகள் விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பத்திரிகைகளில் எழுதுவதை நான்காவது வழியாகச் சிலர் கேட்பதுண்டு. 1930 முதல் வரும் வீரகேசரியும் 1932 முதல் வரும் தினகரனும் போன்ற நாளேடுகளில் பெயர் வெளிவருவது நம்பகத்தன்மையைக் கூட்டும். ஆசிரியர் பீடத்தின் வெட்டுக்குத் தப்பி நிற்கும்படி எழுதப் பழகுவதும் நல்ல பயிற்சிதான். ஆயினும் அதை மாத வருமானமாக எண்ண வேண்டாம்.

வரி விடயத்தில் சந்தைத் தளத்துக்கும் விடுதி வேலைக்கும் வேறுபாடு உண்டு. வெளிநாட்டவருக்கு எழுதி வங்கி வழியாக நாட்டுக்குள் கொண்டுவரும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 15 சதவீத வரி. விடுதிக்காரர் ரூபாவில் தரும் கூலிக்குப் பொதுவான விகிதங்கள். ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரையான தனிநபர் விடுதொகை இருப்பதால் தொடக்க வருடங்களில் பெரும்பாலானோருக்குச் செலுத்த எதுவும் இராது. இருந்தும் பற்றுச்சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோவைப்படுத்தி வைக்க வேண்டும். வங்கிக் கடனுக்குப் போகும் நாளில் நிரந்தரச் சம்பளச் சீட்டு இல்லாத ஒருவருக்குக் காட்டுவதற்கு இருப்பது அந்தக் கோவை மட்டும்தான்.

இப்போது ஒருவர் தொடங்குவதாக இருந்தால், நாளுக்கு நான்கு மணித்தியாலத்தில் இரண்டை நேரடி வாடிக்கையாளருக்கும், ஒன்றைச் சொந்த வலைப்பூவுக்கும், மீதியைச் சந்தைத் தளத்துக்கும் கொடுக்கச் சொல்வேன். விடுதியோடு செய்யும் உடன்படிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டியதில்லை. எத்தனை பதிவுகள், எந்தத் திகதிக்குள், அரைவாசி முற்பணம், இரண்டு தடவைக்கு மேற்பட்ட திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் ஆகிய நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஐந்தாவதாக, பதிவின் அடியில் எழுதியவரின் பெயர் இருக்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். நான் பேசிய உரிமையாளர்களில் எவரும் அந்த வரியை மறுத்ததில்லை. நான்தான் முதல் மூன்று வருடங்கள் கேட்காமல் இருந்துவிட்டேன்.