மாசி, பங்குனியில் பறவை பார்க்க: வேடந்தாங்கலா, கூந்தன்குளமா?

இரண்டுமே பறவைகள் சரணாலயங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் உள்ளவை. எதற்குப் போவது?

பயணம்: சென்னைக்காரர்களுக்கு வேடந்தாங்கல்தான் எளிது, காலையில் போய் மாலையில் திரும்பலாம். கூந்தன்குளத்துக்கு நெல்லையில் ஒரு இரவு தங்கி, விடியலில் கிளம்ப வேண்டும்.

பருவம்: வேடந்தாங்கலில் பங்குனி பிறந்தால் பறவைக் கூட்டம் கலையத் தொடங்கிவிடும், மாசிக்குள் போய்விடுங்கள். கூந்தன்குளத்தில் நீர் இருந்தால் கோடையிலும் கூடுகளைப் பார்க்கலாம்.

நெருக்கம்: இங்கேதான் கூந்தன்குளம் என் மனதை அள்ளுகிறது. வேடந்தாங்கலில் கரையிலும் பார்வைக் கோபுரத்திலும் நின்று பார்க்க வேண்டும், பைனாகுலர் அவசியம். கூந்தன்குளத்திலோ வீட்டு முற்றத்து மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் குஞ்சு பொரிக்கின்றன. இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைத் தேடுவோருக்கும் இதுதான் இடம். ஆனால் அவை வடக்கே திரும்புமுன், மாசியிலேயே போக வேண்டும்.

பாதுகாப்பு: இரண்டையும் காத்தது ஊர்மக்கள். வேடந்தாங்கல்காரர்கள் 1798-லேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். கூந்தன்குளத்தில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நீங்களும் சத்தம் போடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளோடு ஒருநாள் என்றால் வேடந்தாங்கல். கேமராவும் பொறுமையும் இருந்தால் கூந்தன்குளம். எங்கே போனாலும் முதலில் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.