ஐடெக்ஸா, டிடிஎஃப்பா? காலேஜ் லேப்ல இருந்து ராணுவத்துக்குப் போற ரெண்டு வழி

லேப்ல ப்ரோட்டோடைப் ஓடுது, ராணுவத்துக்கு யூஸ் ஆகும்னும் தோணுது, ஆனா புதுக் கண்டுபிடிப்புக்குப் பாதுகாப்பு அமைச்சகம் பணம் தர்ற ஐடெக்ஸ் திட்டத்துக்குப் போறதா, டிஆர்டிஓவோட (அரசோட ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) டிடிஎஃப்ங்கிற தொழில்நுட்ப வளர்ச்சி நிதிக்குப் போறதான்னு தெரியாம நிக்கிறவங்களுக்கு இது.

பணம்
ஐடெக்ஸ்: வழக்கமான கிராண்ட் 1.5 கோடி வரைக்கும், பெரிய ப்ராஜெக்ட்டுக்கான ஐடெக்ஸ் ப்ரைம்ல 10 கோடி வரை. ஆனா பாதிப் பணம் நீங்க போடணும், அங்கதான் நிறைய பேர் முழி பிதுங்குறாங்க.
டிடிஎஃப்: 50 கோடி வரைக்குமான ப்ராஜெக்ட், செலவுல 90% வரை அவங்களே தருவாங்க.

யார் அப்ளை பண்ணலாம்
ஐடெக்ஸ்: ஸ்டார்ட்அப், சின்ன கம்பெனி, தனி ஆள் கூட ஓகே.
டிடிஎஃப்: கம்பெனிதான் முன்னாடி நிக்கணும், காலேஜ் பார்ட்னரா சேரலாம்.

ஐபி
ஐபின்னா கண்டுபிடிப்போட உரிமை. டிடிஎஃப்ல அதை டிஆர்டிஓவும் நீங்களும் கூட்டா வச்சுக்கணும். ஐடெக்ஸ்ல உங்ககிட்டயே இருக்கும், நாளைக்கு அதையே சிவில் மார்க்கெட்ல விக்கணும்னா இது பெரிய விஷயம், இன்வெஸ்டர் முதல்ல கேக்குற கேள்வியே இதுதான்.

வாங்குற ஆள்
2018ல சென்னை பக்கம் திருவிடந்தையில நடந்த டெஃபெக்ஸ்போ ராணுவக் கண்காட்சியில ஆரம்பிச்ச ஐடெக்ஸ்ல, பிரச்சனையைச் சொல்றதே பெரும்பாலும் முப்படைங்கதான், அதனால ப்ரோட்டோடைப் பாஸ் ஆனா ஆர்டருக்கு வழி கொஞ்சம் கிட்ட. டிடிஎஃப்லயும் படைங்களோட தேவை வரும், ஆனா நடத்துறது டிஆர்டிஓ.

ட்ரோன், சென்சார், சாஃப்ட்வேர்னு சீக்கிரம் செஞ்சு காட்டுற சாமான்னா ஐடெக்ஸ். என்ஜின் பார்ட், புது மெட்டீரியல் மாதிரி டெஸ்டிங்கே வருஷக்கணக்குல இழுக்கிற சாமான், கையில காசும் இல்லன்னா கண்ண மூடிட்டு டிடிஎஃப், ஐபில பங்கு போனாலும் பரவால்ல.