ஆப்பிள் விற்ற அரசாங்க ஊழியர்

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் பத்து நாள் ஜப்பானியச் சந்தை போட்டிருந்தார்கள். கடையின் பெயர் வேண்டாம், குறை சொல்லப்போகிறேன். சனிக்கிழமை மத்தியானம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அது முதல் தப்பு. நடக்க இடமில்லை, பணம் கட்டும் வரிசை ஐஸ்கிரீம் கடையைச் சுற்றி வளைந்து மின்படிக்கட்டு வரை நின்றது, விலைச்சீட்டில் வரி சேர்க்காத தொகையைப் பெரிதாகவும் சேர்த்த தொகையை எறும்பு அளவிலும் போட்டிருந்தார்கள். ஒரு ஆப்பிள் ஆறு வெள்ளிக்கு மேல். தேக்கா சந்தையில் அந்தக் காசுக்கு ஒரு பை நிறைய வாங்கலாம் என்று அம்மா சத்தமாகவே சொன்னார்.

ஆனால் அவோமோரி மாநிலத்து மேசையில் நின்றவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீலச் சட்டையைக் கோட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு கூவிக்கொண்டிருந்தவரைக் கடைப் பையன் என்று நினைத்தேன். அட்டை கொடுத்தபோதுதான் தெரிந்தது, மாநில அரசாங்க ஊழியர், வேளாண் பொருள் விற்பனைப் பிரிவு. ஜப்பானில் இப்படி 47 மாநிலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் ஊர்ச் சரக்கைத் தானே வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறது. உள்ளூரில் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், சாப்பிட வாய் வேண்டுமே.

ஃபுஜி என்ற ஆப்பிள் ரகத்துக்கு ஃபுஜி மலையின் பெயர் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டு, அவோமோரியில் ஃபுஜிசாகி என்று ஒரு சின்ன ஊர், அங்கேயிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் 1930களின் கடைசியில் இரண்டு அமெரிக்க ரகங்களைச் சேர்த்து வளர்த்தது, 1962இல்தான் பெயர் வைத்தார்கள் என்றார். ஜப்பானின் ஆப்பிளில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாநிலத்திலிருந்துதான் வருகிறது. ஒன்றைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். விதையைச் சுற்றி எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரு பளபளப்பு. அதை அவர்கள் தேன் என்றே சொல்கிறார்கள். சர்பிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருள் நீரோடு சேர்ந்து அங்கே தேங்கிவிடுமாம், அந்த இடம் மட்டும் தனியாக இனிக்காது, பழம் மரத்திலேயே நன்றாகப் பழுத்ததற்கு அது அடையாளம், அவ்வளவுதான். சீக்கிரம் தின்றுவிட வேண்டும், வைத்திருந்தால் உள்ளே பழுப்பேறிவிடும். விற்க வந்தவரே இதைச் சொல்கிறார் பாருங்கள்.

இன்னொன்று. மார்கழி என்பதால் அம்மா சைவம். பக்கத்து மேசையில் முள்ளங்கி ஊறுகாயைக் குச்சியில் குத்தி நீட்டினார்கள், கடை ஊழியர் 'காய்கறிதான், சாப்பிடுங்கள்' என்றார். நம்ம ஆள் ஓடிவந்து தடுத்தார், அதில் மீன் சாறு சேர்த்திருக்கிறது என்று. ஜப்பானிய ஊறுகாய், சூப்பு எதுவானாலும் கேட்டுவிட்டு வாயில் வையுங்கள். கடைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு இதைக்கூடச் சொல்லித்தரவில்லை என்பதற்கே இரண்டு நட்சத்திரம் குறைத்தேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஜப்பானிய உள்ளாட்சிகள் சேர்ந்து 1988இல் கிளேர் என்று ஓர் அமைப்பு தொடங்கி, 1990இல் சிங்கப்பூரில் அலுவலகம் திறந்திருக்கின்றன. ஆசியான் நாடுகளையும் இந்தியாவையும் இங்கிருந்துதான் பார்த்துக்கொள்கிறார்கள். மாநிலத்திலும் நகராட்சியிலும் வேலை பார்ப்பவர்களை ஓரிரு வருடம் இங்கே அனுப்பி வைக்கிறார்கள். நம் நகர மன்றம் மின்தூக்கியைப் பழுதுபார்க்கும், தாழ்வாரத்தைக் கூட்டும், ஆப்பிள் விற்கச் சொன்னால் சிரிப்பார்கள். சிங்கப்பூர் ஊரும் அதுவே நாடும் அதுவே என்பதால் அதற்குத் தேவையும் இல்லை. எனக்கு ஏக்கம் வேறு பக்கம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல். கடலைமிட்டாய் சிராங்கூன் ரோட்டில் கிடைக்கிறதுதான், ஆனால் கோவில்பட்டி நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து மேசை போட்டு, வெல்லப்பாகின் பதம் என்ன, கடலை எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று எனக்குச் சொன்னதில்லை. சென்னைக்கு 1984 முதல் அமெரிக்காவின் டென்வர் சகோதர நகரம் என்கிறார்கள். சென்னையில் டென்வர் சரக்கு விற்கும் ஒரு மேசையை நான் இதுவரை பார்த்ததில்லை. யாராவது பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

சரி, மற்றவை. எஹிமே மாநிலத்து மிக்கான் ஆரஞ்சு தோல் லேசு, சுளை இனிப்பு, குழந்தைகளுக்கு வாங்கலாம். சர்க்கரைவள்ளி சுட்டது அருமை, நம் வீட்டுக் கிழங்கைவிட ஈரம் அதிகம், கையில் ஒட்டும். மது வகைகளின் பக்கம் போகவில்லை, அம்மா கூட இருந்தார். மோச்சி என்ற அரிசிப் பலகாரம் எல்லாக் கடையிலும் இருப்பதுதான், விடுங்கள்.

மொத்தத்தில் சரக்குக்கும் அந்த மனிதருக்கும் ஐந்துக்கு ஐந்து, நடத்திய கடைக்கு இரண்டு. மாலை ஐந்து மணிக்கு மொழிபெயர்ப்பாளர் கிளம்பிவிட்டார், அதற்குப் பிறகு அந்த அவோமோரிக்காரர் கையால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார், பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த முறை வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், முதல் வரிசை ஆப்பிளில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். கையில் ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள், காகிதப் பைக்குத் தனியாக 20 காசு வாங்கினார்கள்.