வீட்டுப் பக்கத்துப் பறவைகளைப் பதிய இ-பேர்டா, ஐ-நேச்சுரலிஸ்டா?

தாம்பரம், வண்டலூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பங்குனி பிறந்தால் மொட்டைமாடியே போதும். குயில் விடாமல் கூவும், குக்குறுவான் ஒரே தாளத்தில் 'டொங்க் டொங்க்' என்று தட்டும், குளிர்காலத்துக்கு வந்த பழுப்புக் கீச்சான் வடக்கே கிளம்பத் தயாராகும். இதையெல்லாம் எங்கே பதிவது என்று, பறவைப் பட்டியல் போடும் இ-பேர்டு, எல்லா உயிர்களையும் பதியும் ஐ-நேச்சுரலிஸ்ட் என்ற இரண்டு செயலிகளையும் வைத்துப் பார்த்துவிட்டு நான் இ-பேர்டு பக்கம் போய்விட்டேன்.

ஐ-நேச்சுரலிஸ்ட் மோசமில்லை. அணில், ஓணான், கீரி, பட்டாம்பூச்சி, வேலியோரச் செடி என்று எதையும் ஏற்றலாம், பெயர் தெரியாவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். ஆனால் படமோ ஒலிப்பதிவோ இல்லாத பதிவு அங்கே 'ஆய்வுத் தரம்' என்ற, ஆய்வாளர்கள் நம்பி எடுத்துக்கொள்ளும் நிலைக்கு உயராது. மாமரத்துக்குள் ஒளிந்துகொண்டு கத்தும் குயிலை போனில் எப்படிப் படம் எடுப்பது? ஒலியைப் பதியலாம், சரி, ஆனால் காலையில் கேட்கிற ஒவ்வொரு பறவைக்கும் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது.

என்னை இழுத்தது வேறொரு விஷயம். இ-பேர்டில் பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொன்னால் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவல் ஆகிவிடுகிறது. சித்திரை, வைகாசி என்று தொடர்ந்து போட்ட பட்டியல்களில் கீச்சான் இல்லையென்றால் அது கிளம்பிவிட்டது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம், ஐ-நேச்சுரலிஸ்டில் படம் இல்லையென்றால் பறவை போய்விட்டதா, நான் படம் எடுக்கவில்லையா என்று யாருக்குத் தெரியும்? அதோடு காக்கை, மைனா, தவிட்டுக்குருவியை எல்லாம் தினமும் படம் எடுப்பவர்கள் குறைவு, ஆனால் குறைகிறதா என்று கவனிக்க வேண்டியது இந்தச் சாதாரணப் பறவைகளைத்தான். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேச முடிந்ததே ஆயிரக்கணக்கானவர்கள் இ-பேர்டில் போட்ட பட்டியல்களால்தான். நம் தெருவும் அதில் இருக்க வேண்டாமா?

இதற்குக் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். ஒரே இடத்தில் 15 நிமிடமாவது நின்று, நேரத்தைக் குறித்து, எந்தப் பறவை எத்தனை என்று எண்ணிப் போட வேண்டும். அபூர்வமாக வந்ததை மட்டும் போட்டுவிட்டு முழுப் பட்டியல் என்று சொல்லக் கூடாது.

அப்புறம் மெர்லின் என்ற செயலி. பறவையின் குரலை வைத்துப் பெயர் சொல்லும், பழகுகிறவர்களுக்கு நல்ல துணை. ஆனால் கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும், அதனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாமல் மரத்தில் இருப்பது எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பறவை அல்லாததற்கு ஐ-நேச்சுரலிஸ்டையும் போனில் வைத்திருக்கிறேன். பூச்சிகளில் எனக்குப் பழக்கம் குறைவு, ராத்திரி விளக்கடியில் வரும் அந்துப்பூச்சிகளில் ஆர்வமுள்ளவர்கள் அதிலேயே தொடங்கலாம்.