பைட்ஸ்32-ஐ ஸ்ட்ரிங்கா மாத்த எந்த வழி? எது எங்க காலை வாரும்?

சாலிடிட்டி (எத்தீரியம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதுற மொழி) கத்துக்க ஆரம்பிச்சா முதல்ல கை வைக்கிற உதாரணங்கள்ல ஒண்ணு அந்த ஓட்டுப் போடுற கான்ட்ராக்ட், சாலிடிட்டி டாக்குமென்டேஷன்லயே இருக்கிற பேலட். அதுல போட்டியில இருக்கிற ஒவ்வொண்ணோட பேரும் ஸ்ட்ரிங் கிடையாது, பைட்ஸ்32, அதாவது எப்பவுமே 32 பைட் அளவுள்ள டைப். ரீமிக்ஸ்ல (பிரவுசர்லயே சாலிடிட்டி ஓட்டிப் பார்க்கிற டூல்) ஏத்தி, ஓட்டெல்லாம் போட்டு, கடைசியில வின்னர்நேம் பட்டனை அமுக்குனா ஜெயிச்ச பேருக்கு பதிலா ஜீரோ எக்ஸ்னு ஆரம்பிச்சு 64 எழுத்துக்கு ஒரு வால் வந்து நிக்கும், அதுல பாதிக்கு மேல வெறும் முட்டை. சரி ஸ்ட்ரிங்குக்கு காஸ்ட் பண்ணிடலாம்னு பார்த்தா கம்பைலர் விடாது. நீளம் மாறக்கூடிய பைட்ஸ் டைப்புல இருந்து ஸ்ட்ரிங்குக்கு நேரா போகலாம், நீளம் ஃபிக்ஸ் ஆன பைட்ஸ்32-ல இருந்து போக முடியாது.

அங்கதான் எல்லாரும் கூகுள் பண்ண ஆரம்பிக்கிறாங்க, நாலஞ்சு விதமா பதில் கிடைக்குது, எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யுதுன்னு நினைச்சு எது சின்னதா இருக்கோ அதை காப்பி அடிச்சிடுறாங்க. ஆனா அதெல்லாம் ஒரே வேலை கிடையாது.

கம்பைலர் ஏன் அடம் பிடிக்குதுன்னா, மெமரியில ஒரு ஸ்ட்ரிங்னா முதல் 32 பைட் நீளம், அதுக்கப்புறம்தான் எழுத்து. பைட்ஸ்32-ல நீளமே கிடையாது, எழுத்து இடது ஓரத்துல ஒட்டி உக்காந்திருக்கும், மிச்ச இடம் பூரா ஜீரோ பைட். அதனால உண்மையான கேள்வி “எப்படி மாத்துறது” இல்ல, “நீளத்தை யார் சொல்றது”. ஒவ்வொரு வழியும் இதுக்கு ஒவ்வொரு பதில் சொல்லுது.

ரொம்பப் பேர் எடுக்கிறது ஒத்தை வரி வழி. ஏபிஐ என்கோட்பேக்டுக்குள்ள (abi.encodePacked) பைட்ஸ்32-ஐ போட்டு, வர்றதை ஸ்ட்ரிங்கா காஸ்ட் பண்றது. சாலிடிட்டி 0.8.4-ல பைட்ஸ் கான்கேட் வந்துச்சு, அதுலயும் இதையே செய்யலாம், விளைவும் அதேதான். இந்த வழி நீளத்துக்கு சொல்ற பதில் “32, எப்பவுமே 32”. உள்ள எம்கேஆர்னு மூணே மூணு இங்கிலீஷ் எழுத்து இருந்தாலும் வெளிய வர்ற ஸ்ட்ரிங்கோட நீளம் 32, பின்னாடி 29 நல் பைட் (அதே ஜீரோ பைட்தான்) தொங்கும். எனக்கு இந்த வழி பிடிக்காததுக்கு முக்கியக் காரணம், இது பார்வைக்கு சரியா வேலை செய்யும். கன்சோல்ல பிரின்ட் பண்ணா பெரும்பாலும் நல் பைட் கண்ணுக்கே தெரியாது, எம்கேஆர்னு அழகா வரும், வேலை முடிஞ்சுதுன்னு மூடி வச்சிடுவீங்க. அப்புறம் எங்கயோ ரெண்டு ஸ்ட்ரிங்கை கெச்சாக்256-ங்கிற ஹாஷ் போட்டு ஒப்பிடுவீங்க, பொருந்தாது, ஏன்னு பாதி நாள் மண்டைய உடைச்சுக்கணும். இல்லன்னா என்எஃப்டி-க்கு டோக்கன்யூஆர்ஐ-ல (டோக்கனோட விவரத்தைக் கொடுக்கிற ஃபங்ஷன்) ஆன்செயின் ஜேசன் கட்டுவீங்க, நடுவுல நல் பைட் போய் உக்காந்துக்கும், எஸ்கேப் பண்ணாத கன்ட்ரோல் எழுத்தை ஜேசன் பார்சர் ஏத்துக்காது. எர்ரர் கொடுத்து நின்னா பரவால்ல, இது தப்பான பதிலை சரியான பதில் மாதிரி காட்டுது. 32 பைட்டும் முழுசா நிரம்பியிருக்குன்னு நிச்சயமா தெரிஞ்சா மட்டும் இதை போடுங்க.

அப்படி முழுசா நிரம்புறதும் உண்டு. செயின்லிங்க்ல (கான்ட்ராக்டுக்கு வெளி டேட்டாவைக் கொண்டுவர்ற சேவை) ஜாப் ஐடி அப்படித்தான், யூயூஐடி-ல கோடு எடுத்துட்டு மிச்சமிருக்கிற 32 எழுத்து, கனகச்சிதமா பைட்ஸ்32-ல அடங்கும். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, கீழ ரெண்டு மூணு வழி இதுகிட்ட வந்துதான் முட்டிக்கும்.

அடுத்தது லூப். இதுல பழைய லூப், புது லூப்னு ரெண்டு ஜாதி இருக்கு. பழைய கோட்ல பைட்ஸ்32-ஐ யூஐன்ட்டா மாத்தி, 2-ஐ எட்டின் மடங்கா அடுக்கு ஏத்தி பெருக்கி, ஒவ்வொரு எழுத்தையும் இடது ஓரத்துக்கு தள்ளித் தள்ளி எடுப்பாங்க. இது இன்னும் தேடல்ல மேல வருது. 0.8.0-ல இது ரெண்டு விதத்துல சாகும். ஒண்ணு, பைட்னு இருந்த டைப் பேரையே தூக்கிட்டாங்க, இப்ப பைட்ஸ்1-னுதான் எழுதணும், அது கம்பைல்லயே தெரிஞ்சிடும். அதை திருத்திட்டு ஓட்டுனா ரெண்டாவது வந்து நிக்கும்: 0.8.0-ல இருந்து பெருக்கல் ஓவர்ஃப்ளோ ஆனா ரிவர்ட், அதாவது செஞ்சதெல்லாம் ரத்தாகி நின்னுடும். முதல் எழுத்து ஏற்கெனவே இடது ஓரத்துலதான் இருக்கு, அதை 256-ஆல பெருக்குனா வழிஞ்சு போகாம வேற என்ன ஆகும், முன்னாடி சத்தமில்லாம வெட்டிட்டு போயிட்டு இருந்துச்சு, இப்ப ரெண்டாவது எழுத்துக்கே பேனிக் அடிச்சு நின்னுடும். ஓவர்ஃப்ளோவைப் பார்க்காதேன்னு சொல்ற அன்செக்டு பிளாக்குக்குள்ள போட்டு உயிர் கொடுக்கலாம்தான், எதுக்கு? பைட்ஸ்32-ஐ அரே மாதிரி இன்டெக்ஸ் போட்டு படிக்கலாமே.

புது லூப் அதைத்தான் செய்யுது. ஐ-ங்கிறது 32-க்கு கீழ இருக்கிற வரைக்கும், ஐ-ஆவது பைட் ஜீரோ இல்லாத வரைக்கும் எண்ணிக்கிட்டே போ, எண்ணி முடிச்ச நீளத்துக்கு ஒரு பைட்ஸ் எடு, ஒவ்வொண்ணா காப்பி பண்ணு. அந்த 32-க்கு கீழங்கிற கண்டிஷனை முதல்ல எழுதணும், விட்டுட்டா செயின்லிங்க் ஜாப் ஐடி மாதிரி நிரம்புன வேல்யூ வந்ததும் 33-ஆவது பைட்டை தேடிப்போய் இன்டெக்ஸ் எர்ரர்ல ரிவர்ட் ஆகும், டெஸ்ட்ல சின்னப் பேரா போட்டு பார்த்திருந்தா இது தெரியவே தெரியாது. கேஸ் (கோட் ஓட கட்டுற கட்டணம்) கொஞ்சம் தின்னும், ஒவ்வொரு சுத்துக்கும் வரம்பு சரிபார்க்குதுல்ல, ஆனா படிக்க எளிது, ஆடிட் பண்றவங்க ஒரு நிமிஷத்துல தாண்டிடுவாங்க.

யூனிஸ்வாப் (டோக்கன் மாத்துற எக்ஸ்சேஞ்ச்) லைப்ரரியில இதோட ஒரு தம்பி இருக்கான். அது முதல் ஜீரோவைப் பார்த்ததும் நிக்காது, 32 பைட்டையும் சுத்தி வந்து ஜீரோ இல்லாததை மட்டும் சேர்த்துக்கும். ஒழுங்கான பேர்ல ரெண்டும் ஒரே பதில்தான். நடுவுல ஜீரோ நுழைஞ்சிருந்தா இது அந்த ஓட்டையை அடைச்சு ரெண்டு பக்கத்தையும் ஒட்டிடும். அப்ப வேற வேற பைட்ஸ்32 ஒரே ஸ்ட்ரிங்கா மாற வாய்ப்பிருக்கு. காட்டுறதுக்கு மட்டும்னா தப்பில்ல. பேரை வச்சு “இது ஏற்கெனவே பதிவாகியிருக்கா”ன்னு பார்க்கிற ரெஜிஸ்ட்ரில இதை நான் போடமாட்டேன். நியாயமா பார்த்தா முதல் ஜீரோல நிக்கிற லூப்லயும் இந்த ஆபத்து இருக்கு, ஜீரோவுக்கு அப்புறம் என்ன குப்பை இருந்தாலும் அது கண்டுக்காது. அதனால ரெஜிஸ்ட்ரின்னா கீயா பைட்ஸ்32-ஐயே வைங்க, ஸ்ட்ரிங்கை கண்ணுக்கு மட்டும் காட்டுங்க.

மூணாவது அசெம்பிளி. 32 பைட்டும் சேர்ந்து ஒரே வேர்டு, ஈவிஎம்-க்கு (கான்ட்ராக்டை ஓட்டுற எத்தீரியம் மெஷின்) அதை மெமரில வைக்க எம்ஸ்டோர்ங்கிற ஒரே கட்டளை போதும், அப்புறம் எழுத்து எழுத்தா காப்பி பண்றது வெட்டி வேலை. நீளத்தை மட்டும் கண்டுபிடி, 32 பைட்டுக்கு இடம் எடு, நீளத்தை ஒரு எம்ஸ்டோர், எழுத்தை ஒரு எம்ஸ்டோர், முடிஞ்சுது. இதை நீங்களே எழுதுறதுக்கு பதிலா சோலேடிங்கிற லைப்ரரியோட லிப்ஸ்ட்ரிங்ல இருக்கிற ஃப்ரம்ஸ்மால்ஸ்ட்ரிங்கை எடுத்துக்கலாம், கடைசியில நல் பைட் இருக்கணும்னு அது முன்கூட்டியே நிபந்தனை போடும், அதை மதிங்க.

ஓப்பன்செப்பலின் லைப்ரரியோட ஷார்ட்ஸ்ட்ரிங்ஸ் இதே இடத்துல வர்ற இன்னொரு ஆள், ஆனா இதைப் பத்தி நிறைய குழப்பம் இருக்கு. அதுவும் அடியில பைட்ஸ்32தான், அதுலயும் ஸ்ட்ரிங்கா மாத்துற ஃபங்ஷன் இருக்கு, சரி நம்ம பைட்ஸ்32-ஐ ராப் பண்ணி அதுகிட்ட கொடுத்துடலாம்னு தோணும். கொடுக்கக்கூடாது. அது நீளத்தை தேடாது, கடைசி பைட்லயே எழுதி வச்சிருக்கும், அதனாலதான் 31 பைட் வரைக்கும்தான் ஏத்துக்குது. நம்ம சாதாரண எம்கேஆரை அதுகிட்ட கொடுத்தா கடைசி பைட் ஜீரோ, நீளம் ஜீரோன்னு படிச்சு வெத்து ஸ்ட்ரிங்கை நீட்டும், எர்ரரே வராது. செயின்லிங்க் ஜாப் ஐடியை கொடுத்தா கடைசி எழுத்தோட ஆஸ்கி மதிப்பு 31-ஐ தாண்டியிருக்கும், ரிவர்ட். எதிர்ப்பக்கமும் அப்படியே, ஷார்ட்ஸ்ட்ரிங்கை அப்படியே எடுத்து ஈதர்ஸ்ல (ஃப்ரன்ட்எண்டுக்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) டீகோட் பண்ணா கடைசியில நல் இல்லன்னு கத்தும். ஷார்ட்ஸ்ட்ரிங்ஸ்ல போட்டதை ஷார்ட்ஸ்ட்ரிங்ஸ்ல எடுக்கணும், அவ்வளவுதான். அப்படி பயன்படுத்துனா இருக்கிறதுலயே சுத்தமான வழி இதுதான், ஏன்னா நீளத்தை யூகிக்கவே வேண்டாம்.

இதெல்லாம் எதுக்கு, கான்ட்ராக்ட்ல மாத்தவே வேண்டாம்னு ஒரு கட்சி இருக்கு, நான் அந்தக் கட்சிதான். மனுஷன் பார்க்கிறதுக்குத்தான் ஸ்ட்ரிங் வேணும்னா பைட்ஸ்32-ஐ அப்படியே ரிட்டர்ன் பண்ணுங்க, ஃப்ரன்ட்எண்ட் பார்த்துக்கும். ஈதர்ஸ் ஐந்துல பார்ஸ்பைட்ஸ்32ஸ்ட்ரிங், ஆறுல அதே சாமான் டீகோட்பைட்ஸ்32ஸ்ட்ரிங்னு பேர் மாறிடுச்சு. வியம்ங்கிற இன்னொரு லைப்ரரில ஹெக்ஸ்டுஸ்ட்ரிங், சைஸ் 32-னு கூட சொல்லணும், சொல்லலன்னா நல் பைட்டோடயே வரும். ஈதர்ஸ் கடைசி பைட் ஜீரோவா இருந்தாதான் ஏத்துக்கும், அதாவது 31 எழுத்துக்கு மேல போனா எர்ரர், நம்ம ஜாப் ஐடி இங்கயும் மாட்டிக்கும்.

ஆனா இன்னொரு கான்ட்ராக்டுக்கு ஸ்ட்ரிங் வேணும்னா ஃப்ரன்ட்எண்ட் உதவாது. இதுக்கு எம்கேஆர் டோக்கனே நல்ல உதாரணம். மேக்கர்டாவோட எம்கேஆரும் பழைய சாய் (SAI) டோக்கனும் நேம், சிம்பல் ரெண்டையும் பைட்ஸ்32-ஆதான் கொடுக்கும், மத்த இஆர்சி20 (பொதுவான டோக்கன் தரம்) டோக்கன்கள்ல பெரும்பாலானது ஸ்ட்ரிங் கொடுக்கும். ஸ்ட்ரிங்னு எழுதுன இன்டர்ஃபேஸ் வச்சு எம்கேஆர் கிட்ட சிம்பல் கேட்டா, வர்ற 32 பைட்டை டீகோடர் ஆஃப்செட்னு நினைச்சு பிரம்மாண்டமான எண்ணா படிச்சு ரிவர்ட் ஆகும். ட்ரை கேட்ச் போட்டா தப்பிச்சிடலாம்னு நினைப்பீங்க, அதுவும் நடக்காது, கால் நல்லபடியா முடிஞ்சுது, உடைஞ்சது நம்ம பக்கத்து டீகோட், அதை கேட்ச் பிடிக்காது. ஸ்டேட்டிக்கால் (எதையும் மாத்தாம படிக்க மட்டும் செய்யுற கால்) போட்டு, திரும்பி வந்த டேட்டா 32 பைட்டான்னு பார்த்து, ஆமான்னா பைட்ஸ்32-ஆ எடுத்து மேல சொன்ன லூப்ல விடணும், அதைவிட பெருசுன்னா ஸ்ட்ரிங்கா டீகோட் பண்ணணும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் உள்ள எழுத்து இருந்தாத்தான். ஹாஷ் இருந்தா மொத்தமும் வேற கதை. ஓப்பன்செப்பலினோட ஆக்சஸ்கன்ட்ரோல்ல (யாருக்கு என்ன அனுமதின்னு பார்க்கிற கான்ட்ராக்ட்) மின்டர் ரோல்னு இருக்கிற பைட்ஸ்32-ஐ எந்த லூப்ல விட்டாலும் மின்டர்ங்கிற வார்த்தை திரும்ப வராது, அது கெச்சாக் ஹாஷ். யூடிஎஃப்-8-க்கு ஒவ்வாத குப்பைதான் வரும். அங்க வேணும்கிறது ஹெக்ஸ் எழுத்து: யூஐன்ட்256-ஆ மாத்தி, ஓப்பன்செப்பலின் ஸ்ட்ரிங்ஸ்ல டுஹெக்ஸ்ஸ்ட்ரிங்குக்கு நீளம் 32-ஓட கொடுக்கணும். நீளம் கொடுக்கலன்னா முன்னாடி இருக்கிற ஜீரோ பைட்டை தின்னுடும், 66 எழுத்து வரவேண்டிய இடத்துல எப்பவாவது ஒரு தடவை 64 வரும், அந்த எப்பவாவதுதான் தலைவலி. இதுல ஒரு நல்ல வித்தை: ஐபிஎஃப்எஸ் (ஃபைலை அதோட ஹாஷை வச்சு தேடுற நெட்வொர்க்) ஹாஷை பைட்ஸ்32-ல வச்சிருந்தா, க்யூ எம்-னு ஆரம்பிக்கிற முகவரி வேணும்னு கான்ட்ராக்டுக்குள்ள பேஸ்58 எழுதி கேஸை கொட்ட வேண்டாம். சிஐடி-க்கு (அந்த முகவரிக்குத்தான் இந்தப் பேர்) பேஸ்16 வடிவமும் உண்டு, எஃப் போட்டு 01701220 எழுதி, பின்னாடி ஜீரோ எக்ஸ் இல்லாம ஹெக்ஸை ஒட்டுனா அதே ஃபைலுக்கான சிஐடி ரெடி.

தமிழ்ல பேர் வைக்கிற ஆசை இருந்தா இன்னொரு கணக்கு போடணும். யூடிஎஃப்-8-ல தமிழ் குறி ஒவ்வொண்ணும் 3 பைட், புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியா 3 பைட். செல்விக்கு 18 பைட், பைட்ஸ்32-ல தாராளம். முத்துலட்சுமிக்கு 13 குறி, 39 பைட், இடமே இல்ல. லிட்டரலா எழுதுனா கம்பைலர் தடுத்திடும், கான்ட்ராக்ட் ஓடும்போது வெட்டி அடைச்சா பத்து குறியும் பதினொண்ணாவதுல 2 பைட்டும் உள்ள போகும், அந்த ரெண்டு பைட் தொங்கி மொத்த ஸ்ட்ரிங்கும் செல்லாத யூடிஎஃப்-8 ஆகிடும். (சோர்ஸ்ல தமிழ் எழுத 0.7.0-ல இருந்து முன்னாடி யூனிகோட்னு போடணும்ங்கிறதும் சேர்த்துக்கோங்க.)

அதனால புதுசா எழுதுற கான்ட்ராக்ட்ல, பேருக்கு பைட்ஸ்32-தான் வேணுமான்னு கேட்டா, பெரும்பாலும் வேண்டாம்னுதான் சொல்வேன். பேலட் உதாரணத்துல அதை வச்சதுக்கு அது மலிவுன்னு காரணம் சொல்லியிருக்காங்க, ஸ்ட்ரிங் அரேயை வெளியில இருந்து வாங்குறதும் அந்தக் காலத்துல சிரமம், அதுக்கு வேணும்கிற ஏபிஐ கோடர் வி2 (கான்ட்ராக்டுக்கு போற வர்ற டேட்டாவை கட்டிப் பிரிக்கிற பகுதி) டீஃபால்ட் ஆனதே 0.8.0-லதான். ஸ்டோரேஜ்ல 31 பைட்டுக்குள்ள அடங்குற ஸ்ட்ரிங்கும் ஒரே ஸ்லாட்தான் (32 பைட் இடம்) எடுக்கும், நீளத்தையும் அதுலயே சொருகி வச்சுக்கும், அங்க பைட்ஸ்32-க்கு பெரிய லாபம் கிடையாது. இம்யூட்டபிளா (டிப்ளாய் பண்ணதுக்கு அப்புறம் மாறாததா) வைக்கணும்னா ஸ்ட்ரிங் ஆகாது, அங்க ஷார்ட்ஸ்ட்ரிங்ஸ். ஈவென்ட்ல தேடுறதுக்கு வசதியா இன்டெக்ஸ்டு போடணும்னா ஸ்ட்ரிங் ஹாஷ் ஆகி படிக்க முடியாம போயிடும், அங்க பைட்ஸ்32. முத்துலட்சுமிக்கு ஸ்ட்ரிங், நீளத்துக்கு ஒரு ஸ்லாட், எழுத்துக்கு ரெண்டு, மொத்தம் மூணு ஸ்லாட் காசு கட்டித்தான் ஆகணும்.