ஒன்பது பேருக்கு ஒரு காலண்டர்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு மேலாளர் வேலை. ஆடிட்டர் சார், நான், கணக்கர்கள் நால்வர், சிஏ படிப்புக்காக ஆர்ட்டிகிள் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மூவர். எங்கள் பிழைப்பே தேதிதான். 7-ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்ட வேண்டும், 11 ஜிஎஸ்டிஆர்-1 என்னும் விற்பனைக் கணக்கு, 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 என்றால் 3பி, ஜிஎஸ்டியைக் கட்டிப் போடும் ரிட்டர்ன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்ன வியாபாரிகளுக்கு அதே 3பி தமிழ்நாட்டில் 22. நடுவில் யாருக்கு லீவு, சார் எந்த மில்லுக்கு ஆடிட் போயிருக்கிறார் என்பது வேறு. போன வருஷம் வரை இவ்வளவும் ஒரு வெள்ளைப் பலகையில் இருந்தது. பெருக்க வரும் அக்கா ஒருநாள் பலகையையும் சேர்த்துச் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டார்.

முதலில் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கும் ஒரு செயலியைப் பார்த்தோம். காலண்டர், அரட்டை, வேலைப் பட்டியல், வண்ண வண்ணமாக வரைபடம் எல்லாம் அதில் உண்டு. இலவச நாட்கள் முடிவதற்குள் அதைத் திறப்பது நான் ஒருத்தி மட்டும் என்றாகிவிட்டது. "அம்மிணி, இதுக்குள்ள நுழையறதுக்குள்ள நான் ரிட்டர்னையே போட்டுருவேன்" என்றார் எங்கள் மூத்த கணக்கர். அவர் திறக்காத காலண்டர் எங்களுக்கு எதற்கு?

அப்புறம்தான் கூகுள் காலண்டர். எல்லோரிடமும் ஜிமெயில் இருந்தது, செலவும் இல்லை. அலுவலகத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு திறந்து, அதன் கீழ் மூன்று காலண்டர் போட்டேன்: கடைசித் தேதிகள் சிவப்பு, லீவு பச்சை, சாரின் வெளியூர் பயணம் நீலம். யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாததற்குக் காரணம் உண்டு. ஆர்ட்டிகிள் பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடுவார்கள், காலண்டரும் கூடவே கிளம்பக் கூடாது.

பகிரும்போது யாருக்கு என்ன உரிமை என்று கேட்கும். 'இவர் அந்த நேரத்தில் வேலையாக இருக்கிறார்' என்று மட்டும் காட்டலாம், விவரத்தைக் காட்டலாம், திருத்த விடலாம், அடுத்தவருக்குப் பகிரும் உரிமையையும் கொடுக்கலாம். லீவுக் காலண்டரை எல்லோரும் திருத்தலாம். கடைசித் தேதிகளில் எனக்கும் மூத்த கணக்கருக்கும்தான் கை வைக்க உரிமை. எல்லோருக்கும் பொதுவில் திறந்து வைக்கும் வசதியும் இருக்கிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள். கிளையன்ட் பெயரெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சரி, நாங்கள் அடிபட்ட இடத்தைச் சொல்கிறேன். காலண்டரைப் பகிர்ந்தால் நினைவூட்டலும் சேர்ந்து பகிரப்படும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவரவர் கணக்கில் அவரவர்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். அது தெரிந்து எல்லோருக்கும் உட்கார்ந்து வைத்தும் கொடுத்தேன். ஆனால் நேரம் போட்ட நிகழ்வுக்கு ஒரு நினைவூட்டல், முழுநாள் நிகழ்வுக்கு வேறொன்று என்று அமைப்பில் இரண்டு இருக்கின்றன. நான் முதலாவதை மட்டும் நிரப்பியிருந்தேன். கடைசித் தேதிகள் எல்லாமே முழுநாள் நிகழ்வுகள்! ஒரு 22-ஆம் தேதி சத்தமே இல்லாமல் கடந்துபோனது. மஞ்சள் மண்டிக்காரர் ஒருவரின் 3பியை 24-ஆம் தேதிதான் போட்டோம். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் வீதம் 100 ரூபாய், அதோடு வட்டி. பணத்தை நாங்களே கட்டிவிட்டோம். அவர் போனில் பேசியதைத்தான் இங்கே எழுத முடியாது.

இப்போது முழுநாள் நிகழ்வுக்கு மூன்று நாள் முன்னால் காலை பத்து மணிக்கு ஒன்று, அன்றைக்குக் காலை ஒன்பதுக்கு ஒன்று. ஒன்பது கணக்கிலும் சரிபார்க்க அரை நாள் ஆனது.

இன்னொரு பொறி, மாதாமாதம் திரும்பும் நிகழ்வு. அரசாங்கம் ஒரு மாதம் தேதியை நீட்டித்தால் அதை மாற்றும்போது, இது மட்டுமா, இதற்குப் பின் வருபவையும் சேர்த்தா, எல்லாமா என்று கேட்கும். அவசரத்தில் 'எல்லாம்' என்று அழுத்தினால் வருஷம் முழுக்கத் தேதி நகர்ந்துவிடும். திருத்தும் உரிமையை இருவரோடு நிறுத்தியது இதனால்தான்.

ஏற்கெனவே மைக்ரோசாப்ட் 365-க்குச் சந்தா கட்டும் அலுவலகம் என்றால் அவுட்லுக்கே போதும், புதிதாகத் தேட வேண்டாம். அலுவலக மின்னஞ்சல் ஜோஹோவில் இருந்தால் அதனுடைய காலண்டரை முதலில் பாருங்கள். எங்களுக்கு ஜிமெயில் இருந்ததால் இது. ஐந்துக்கு நான்கு தருவேன்.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை மட்டும் கழற்றவில்லை. சார் ராகுகாலம் பார்ப்பவர், வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை கையெழுத்தே போட மாட்டார். கிளையன்டுகள் அந்த நேரத்தில் வந்து காத்திருக்கிறார்களே என்று, அதையும் வாராவாரம் திரும்பும் நிகழ்வாக நீலத்தில் போட்டுவிட்டேன். 'சார் மீட்டிங்கில்' என்று பெயர்.