45 கிலோ நீராவிக் குழாயில் சிறு வால்வுகள்: கேட், குளோப், பிஸ்டன் – எதை வாங்குவது?

சொந்தமாக மின்சாரம் தயாரிக்கும் ஆலைகளில், சதுர செ.மீ.க்கு 45 கிலோ அழுத்தமும் 400 டிகிரி வெப்பமும் கொண்ட நீராவி ஓடுவது இன்று சாதாரணம். முதன்மைக் குழாயின் பெரிய வால்வை வாங்கும்போது காட்டும் கவனத்தில் பாதியைக்கூட, குழாயில் தேங்கும் நீரை வெளியேற்றும் வடிகாலிலும் கிளைவழிகளிலும் வரும் 25, 40 மி.மீ. வால்வுகளுக்கு நாம் காட்டுவதில்லை. ஆனால் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டினால், ‘வால்வு பாஸ் ஆகிறது’, அதாவது மூடிய பிறகும் உள்ளே நீராவி கசிகிறது என்ற புகார் பெரும்பாலும் இந்தச் சிறு வால்வுகளின் பெயரில்தான் இருக்கும். எங்கள் ஆலையில் வடிகால் வால்வுகளை மொத்தமாக மாற்ற வேண்டி வந்தபோது மூன்று வகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, பிஸ்டன் வால்வையே வாங்கினோம்.

மூன்றுக்கும் பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். உடல் ஏ105 ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய கார்பன் எஃகு), அழுத்தத் தரம் கிளாஸ் 800, இணைப்பு சாக்கெட் வெல்ட் (குழாயை வால்வின் குழிக்குள் செருகிப் பற்றவைப்பது), கூடவே ஐபிஆர் எனப்படும் இந்திய பாய்லர் விதிமுறைகளின் படிவம் 3-சி சான்றிதழ். சான்றிதழில் உள்ள ஹீட் எண்ணும் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) வால்வின் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைச் சரக்கு இறங்கும்போதே பார்த்துவிட வேண்டும். துளையிட்ட உருண்டையைத் திருப்பி மூடும் பால் வால்வு என்ற யோசனையும் எழும். டெஃப்லான் இருக்கை (மூடும் பகுதி வந்து படியும் வளையம்) கொண்டது இந்த வெப்பத்தைத் தாங்காது. உலோக இருக்கை கொண்டது தாங்கும் என்றாலும், ஒரு வடிகாலுக்கு அந்த விலையைக் கொடுக்க எந்த நிர்வாகமும் சம்மதிக்காது.

ஆப்பு வடிவக் கதவை இறக்கி மூடும் கேட் வால்வின் பலம் அழுத்த இழப்பு மிகக் குறைவு என்பதுதான். முழுதாகத் திறந்த கேட் வால்வு, குழாய் விட்டத்தைப் போல் சுமார் 8 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்கு ஈடான தடையையே தருகிறது. டிஸ்க் என்னும் வட்டை இருக்கையின் மேல் இறக்கி மூடும் குளோப் வால்வு தருவதோ சுமார் 340 மடங்கு. அதனால் டர்பைனுக்குச் செல்லும் முதன்மைக் குழாயில் கேட் வால்வை மாற்ற நான் சொல்லமாட்டேன். வடிகாலில் இந்த நன்மைக்குப் பொருளே இல்லை, ஏனெனில் அங்கே அழுத்தம் எப்படியும் இழக்கப்படத்தான் போகிறது. மேலும், சூடாக இருக்கும்போது இறுக மூடிய ஆப்பு, குழாய் குளிர்ந்ததும் இரு இருக்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு திறக்க மறுப்பது பழகிய தொல்லை. குழாயைச் சூடேற்றும்போது வடிகாலைப் பாதி திறந்து வைப்பதும் வழக்கம். கேட் வால்வின் இருக்கை அரிக்கப்பட அது ஒன்றே போதும்.

ஆகவே உண்மையான போட்டி குளோபுக்கும் பிஸ்டனுக்கும்தான். குளோப் வால்வு விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், எல்லா ஃபிட்டருக்கும் அதன் உள்ளமைப்பு தெரியும். வாங்குவதானால், உட்பாகங்களின் உலோகத்தைக் குறிக்கும் டிரிம் எண்ணைச் சொல்லி, டிரிம் 5 என்று கேட்டு வாங்குவது நல்லது. அதில் டிஸ்க், இருக்கை இரண்டிலும் ஸ்டெல்லைட் என்னும் கடின உலோகக் கலவைப் பூச்சு இருக்கும். டிரிம் 8-இல் டிஸ்க் 13 சதவீத குரோமியம் எஃகு, இருக்கையில் மட்டுமே ஸ்டெல்லைட்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது வால்வு பாஸ் ஆகத் தொடங்கிய பிறகு என்ன செய்ய முடியும் என்ற கேள்விதான். குளோப் வால்வு உலோகத்தின் மேல் உலோகம் அமர்ந்து மூடுகிறது. நடுவே துருவின் துகள் ஒன்று மாட்டினால் மயிரிழை இடைவெளி விழும். அதன் வழியே பாயும் நீராவி இருக்கையில் பள்ளம் அறுத்துக்கொண்டே போகும். அந்தப் பள்ளம் 3 மி.மீ. துளைக்குச் சமமாக வளர்ந்தால், இந்த அழுத்தத்தில் மணிக்குச் சுமார் 100 கிலோ நீராவி வீணாகும். சரிசெய்ய வழி லேப்பிங், அதாவது இருக்கையையும் டிஸ்க்கையும் நுணுக்கமாகத் தேய்த்துப் படியவைப்பது. போல்ட்டால் இணைத்த ஃபிளாஞ்ச் வால்வாக இருந்தால் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பலாம். குழாயோடு பற்றவைத்த வால்வையோ, பானெட் என்னும் மேல் மூடியைக் கழற்றி இருந்த இடத்திலேயே தேய்க்க வேண்டும். குழாய்த் தாங்கியின் மேல் சாய்ந்தபடி, 25 மி.மீ. வால்வுக்குள் நீல மை தடவி, முழு வட்டமும் படிகிறதா என்று பார்ப்பது எவ்வளவு கைத்திறன் கேட்கும் வேலை என்பது செய்தவருக்குத் தெரியும். அது சரிவராவிட்டால் வெட்டி எடுத்துப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். அது ஐபிஆர் குழாய் என்பதால், தகுதிச் சான்று பெற்ற வெல்டர், ஆய்வாளரின் ஒப்புதல், சோதனை என்று வால்வின் விலையைவிட வேலையின் செலவு பெரிதாகிவிடும்.

பிஸ்டன் வால்வில் இருக்கையே கிடையாது. வழவழப்பாகத் தேய்த்த எஃகுப் பிஸ்டன், கிராஃபைட்டும் எஃகுத் தகடும் அடுக்கிய இரண்டு வளையங்களுக்குள் இறங்குகிறது. கீழ் வளையம் நீராவியின் வழியை அடைக்கிறது. மேல் வளையம் வெளிக்கசிவைத் தடுப்பதால் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் என்ற தனித் தொல்லை இல்லை. தேய்வது வளையம்தான், வால்வின் உடல் அல்ல. இலேசான கசிவு தெரிந்தால், தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவுக்குப் பானெட் நட்டுகளைச் சற்று முடுக்கிப் பார்க்கலாம். அதற்கும் கேட்காவிட்டால், குழாயைத் தனிமைப்படுத்தி, அழுத்தத்தை வடித்து, பிஸ்டனை மேலே எடுத்து, பழைய வளையங்களைப் பிடுங்கிப் புதியவற்றைச் செருகினால் வேலை முடிந்தது. வெட்டும் இல்லை, வெல்டிங்கும் இல்லை.

குறைகளும் உண்டு. கைச்சக்கரம் குளோபைவிடக் கடினமாகச் சுற்றும். புதிதில் வால்வை இயக்கும் ஆபரேட்டர்கள் எங்களைத் திட்டத்தான் செய்தார்கள். வளையங்களை அதே தயாரிப்பாளரிடமே வாங்க வேண்டியிருப்பதால் அவர் வைத்ததே விலை. பற்றவைத்தபின் குழாயைச் சரியாக ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால், வெல்டிங் கசடு பிஸ்டனில் கீறல் போட்டுவிடும். கீறிய பிஸ்டனுக்குப் புது வளையம் போட்டும் பயனில்லை. இதையும் பாதி திறந்து வைத்து ஓட்டுவது நல்லதல்ல. ஆகவே சூடேற்றும்போது கட்டுப்படுத்துவதற்கென்று பிஸ்டன் வால்வுக்குப் பின்னால் ஒரு குளோபை வைத்து, தேய்மானம் அதன் மேலேயே விழும்படி விட்டிருக்கிறோம். இரட்டை அடைப்பும் அதனால் கிடைக்கிறது.

425 டிகிரியைத் தாண்டும் குரோம்-மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) குழாய்களில் பிஸ்டன் வால்வை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. அத்தகைய பாய்லர் வைத்திருப்பவர்கள் இந்தப் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களைப் போன்ற அளவில் உள்ளவர்கள், கொள்முதல் ஆணையிலேயே ஒவ்வொரு அளவுக்கும் மாற்று வளையங்களையும், வளையம் பிடுங்கும் கருவியையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. தனியாகக் கேட்டால் கருவி வந்துசேர்வதற்குள் ஷட்டவுன் முடிந்துவிடும்.